ஆராயி ஆள் மாற்றி ஊட்டிய சோறு

பெற்ற தாய் ஒருத்தி, பட்டப்பகலில், இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருக்க, தன் மகள் என்று நினைத்து சேத்தியாத்தோப்புப் பிள்ளை ஒன்றை இழுத்து மூக்கைத் துடைத்து, முதுகில் ஒன்று வைத்து, டிபன் பாக்ஸ் சோறு முழுவதையும் ஊட்டி முடித்தாள். அந்த அளவுக்கு அச்சு அசலாகத் தான் ஜோடி சேர்த்திருந்ததாக ராஜாங்கம் சார் சொன்னபோது, விருத்தாசலம் ஓய்வூதியர் சங்கத்தில் பக்கோடா மென்றுகொண்டிருந்த அத்தனை வாயும் ஒரே சமயத்தில் நின்றது. அடுத்த நிமிஷம் எழுந்த சிரிப்பில், ஜங்ஷனில் புறப்படத் தயாராயிருந்த ரயில் பயந்துபோய்க் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பியது என்று சொன்னாலும் தகும்.

“சார், உடம்பு கிடம்பு சுடுதா?” என்று கேட்டார் ஜெயராஜ். மின்வாரியத்தில் ஓய்வு பெற்று, இப்போது மகன் பேரில் பீங்கான் சூளை நடத்துகிறவர்.

“சுடல. சாட்சி இருக்குது.” ராஜாங்கம் எதிர் நாற்காலியைக் காட்டினார். “டீச்சர் என் பக்கத்துலதான் நின்னாங்க. அவங்களையே கேளுங்க.”

எல்லாரும் செல்வநாயகி டீச்சரைப் பார்த்தார்கள். சூளைத் தெருப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அதே பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த ராஜாங்கத்தோடு ஆயுசில் பாதியைச் சாக்பீஸ் தூளில் கழித்தவர். டீச்சர் தட்டிலிருந்த பக்கோடாவுக்குள் எதையோ தொலைத்தவர்போலக் குனிந்து தேடினார்.

“எனக்கு அப்படி ஒண்ணும் தெரியல சார். யாரோ ஒரு பொம்பள ஏதோ ஒரு புள்ளைக்குச் சோறு குடுத்தாங்க. வெயிலு வேற கண்ணைக் கூசுச்சு.”

ராஜாங்கம் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். காரணம் இருந்தது. அவர் அந்தச் சங்கத்தில் எத்தனையோ அளந்திருக்கிறார். மாறுவேடத்தில் வந்த கலெக்டருக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தது, பள்ளிக்கூடத்துக்குள் புகுந்த காளையை வாய்ப்பாடு சொல்லியே தூங்கவைத்தது, இப்படி. அத்தனைக்கும் இந்தச் செல்வநாயகி டீச்சர், “ஆமா, நானும் இருந்தேன்” என்று தலையாட்டியிருக்கிறார். காளை குறட்டை விட்டதாகக்கூட ஒரு தடவை தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ராஜாங்கம் அங்கே ஓர் உண்மையைக் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்குப் பார்த்து டீச்சருக்கு வெயில் கண்ணைக் கூசிவிட்டது.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்றால், இரண்டாயிரத்து ஏழாம் வருஷத்து ஆடி மாதத்தில். சென்னையிலிருந்து காவியா என்ற பெண் வந்தாள். கல்வி ஆராய்ச்சி செய்கிறவள். ஒரு தொண்டு நிறுவனம் சூளைத் தெருவில் பீங்கான் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்குச் சாயங்கால வாசிப்பு வகுப்பு தொடங்க இருந்தது. இடம் கொஞ்சம், பிள்ளைகள் நிறைய. ஆகவே யாருக்கு இடம் என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்வது. வருஷக் கடைசியில் வகுப்புக்குப் போனவர்களையும் போகாதவர்களையும் வாசிக்கச் சொல்லிப் பார்த்தால், வகுப்பால் பலன் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். பலன் இருந்தால் வகுப்பு நீடிக்கும்; இல்லாவிட்டால் கோடையோடு மூடிவிடுவார்கள்.

ஆனால் காவியா வந்தது அதற்கு மட்டும் இல்லை. “எல்லா ஊர்லயும் குலுக்கல் போட முடியாதுங்க சார். குலுக்கல் இல்லாத இடத்துல என்ன பண்றாங்க? வகுப்புக்குப் போற பிள்ளை மாதிரியே இன்னொரு பிள்ளைய, வகுப்பே இல்லாத ஊர்ல தேடிப் புடிச்சு, ரெண்டையும் வெச்சுப் பார்க்கிறாங்க. அந்த வழிய நம்பலாமா, கூடாதாங்கிறதுதான் என் கேள்வி. இங்க ரெண்டையும் செஞ்சு பார்க்கப்போறேன். குலுக்கல் சொல்ற விடையும் ஜோடி சொல்ற விடையும் ஒண்ணா வந்தா, ஜோடிய நம்பலாம்.”

“வரலன்னா?” என்று கேட்டார் ராஜாங்கம்.

“ஜோடி பொய்யின்னு அர்த்தம். குலுக்கல்தான் சார் எடைக்கல்.”

ராஜாங்கம் ஜோடி பார்க்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டார் என்பது சும்மா, பிடுங்கிக்கொண்டார். குலுக்கலுக்குக் கள்ளமில்லாத கை ஒன்று வேண்டும் என்று காவியா கேட்டபோது, யோசிக்காமல் செல்வநாயகி டீச்சர் பேரைச் சொன்னவரும் அவர்தான்.

“இந்த ஊருல இந்த ஒரு கையத்தான் கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்” என்றார்.

“மூடுறது என் கண்ணா, உங்க கண்ணா?” என்று கேட்டார் டீச்சர். எல்லாரும் சிரித்தார்கள்.

பீங்கான் ஊர் என்பதால் காகிதச் சீட்டில் குலுக்கல் போட யாருக்கும் மனசு வரவில்லை. ஜெயராஜ் தன் சூளையில் சின்னச் சின்ன வில்லைகள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பேரை நீல நிறத்தில் எழுதி, மேலே பளபளவென்று கண்ணாடிப் பூச்சு கொடுத்தார். ஒரு ஓரத்தில் ஓட்டை. இடம் கிடைத்த பிள்ளைகள் அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வரவேண்டும், அதுதான் பாஸ். பூச்சில் முக்கி எடுத்த சாமானைச் சூளைக்குள் வைக்கும் முன் அதன் அடியை ஈரப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வெந்ததும் தட்டோடு ஒட்டிக்கொண்டு உடைத்தாலும் வராது. அதனால் இந்த ஊர் ஜாடி, பொம்மை, கரண்டு பீஸ் கட்டை எதைத் திருப்பினாலும் மேலே வழுவழுப்பு, அடியில் சொரசொரப்பு. துடைக்கிற வேலைக்கு ஆள் குறைந்தபோது, “நான் வரேன், வூட்டுல சும்மாதான இருக்கேன்” என்று செல்வநாயகி டீச்சரே போய் உட்கார்ந்து ஒரு பகல் முழுக்க வில்லைகளைத் துடைத்துக் கொடுத்தார். ஊர் பாராட்டியது.

குலுக்கல் பள்ளிக்கூட வாசலில் நடந்தது. மண்பானைக்குள் வில்லைகள். டீச்சரின் கண்ணை ராஜாங்கம்தான் தன் துண்டால் கட்டினார்.

“இறுக்கமா இருக்குதா டீச்சர்?”

“இன்னும் கொஞ்சம் இறுக்குங்க சார். அப்பறம் யாரும் ஒண்ணு சொல்லக்கூடாது.”

டீச்சர் பானைக்குள் கையை விட்டுத் துழாவித் துழாவி ஒவ்வொன்றாக எடுத்தார். முதலில் வந்த பேர் கனகா. களிமண் பிசையும் ஆராயியின் மகள். ஆராயி வாசலிலேயே குலவை போட்டாள்.

அதற்குப் பிறகு ராஜாங்கம் செய்த வேலை சாமானியம் இல்லை. இடம் கிடைத்த ஒவ்வொரு பிள்ளையையும் உட்காரவைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். கனகா ‘அணில்’ என்பதை அ, ணி, ல் என்று தனித்தனியாகப் படித்துவிட்டு, மூன்றையும் சேர்த்து ‘ஆடு’ என்றாள். பிறகு அப்பா என்ன வேலை, வீட்டில் யார் குடிக்கிறார், எத்தனை தம்பி தங்கை, பள்ளிக்கு மட்டம் போட்டால் எங்கே போய் உட்கார்ந்திருக்கும் எல்லாம் விசாரித்தார். அதே விசாரணையோடு சேத்தியாத்தோப்புப் பக்கம் நெல் வயல் ஊர்களில் சைக்கிளில் அலைந்தார். அவர் போய்வந்த வேகத்தில் வெள்ளாற்றுப் பாலம் அரை விரல் தேய்ந்திருக்கும். ஒரு பிள்ளைக்கு எந்தப் பல் ஆடுகிறதோ அதே பல் ஆடுகிற பிள்ளைதான் வேண்டும் என்று அவர் தேடியதாகச் சேத்தியாத்தோப்பில் பேசிக்கொண்டார்கள். கனகாவுக்கு அகப்பட்ட ஜோடி பூங்கோதை. அவளும் அணிலை ஆடு என்றுதான் படித்தாள். ஒழுகும் மூக்கும் எலிவால் சடையும் அதே மாதிரி அமைந்தது ராஜாங்கம் தேடாமலே கிடைத்த கொசுறு.

பங்குனியில் பரீட்சை. சேத்தியாத்தோப்புப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி விருத்தாசலத்துக்கே கூட்டிவந்தார்கள். ராஜாங்கமும் டீச்சரும் கேட்டருகே நிற்கும்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. ஆராயி சூளையிலிருந்து களிமண் காயாத கையோடு ஓடிவந்தாள். நேரம் இல்லை, திரும்பிப் போகவேண்டும். வரிசையில் நின்ற பூங்கோதையின் சடையைப் பிடித்து இழுத்து, “ரிப்பன் எங்கடி, தொலைச்சுட்டியா” என்று முதுகில் வைத்து, முந்தானையால் மூக்கைத் துடைத்து, சோற்றை உருட்டி உருட்டி வாயில் திணித்தாள். பசியில் இருந்த பூங்கோதை கேள்வி கேட்கவில்லை. பாக்ஸ் காலியான பிறகுதான் பின்னாலிருந்து கனகா, “எம்மா, எனக்கு?” என்றாள்.

ராஜாங்கம் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சிரிக்கிறார் என்று நினைத்தார் ராஜாங்கம்.

சங்கத்தில் டீச்சர் கையை விரித்த பிறகு ஆராயியையே கேட்டுப் பார்த்தார்கள். “என் வயித்துல பொறந்தது எனக்குத் தெரியாதா? சார் பேச்சக் கேட்டுக்கிட்டு வந்துட்டீங்களே” என்று அவள் சாதித்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லமுடியாது. எந்தத் தாய் ஒத்துக்கொள்வாள்?

சித்திரையில் விடை வந்தது. காவியா அதைச் சொல்ல ராஜாங்கத்தின் வீட்டுக்கே வந்தாள். முகத்தைப் பார்த்ததும் அவர் மனைவி அமிர்தம் காபிக்குப் பதில் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

“சேத்தியாத்தோப்பு ஜோடியோட வெச்சுப் பார்த்தா, நம்ம வகுப்புப் பிள்ளைங்க எங்கயோ போயிட்டாங்க சார். ஆனா குலுக்கல்ல இடம் கிடைக்காத பிள்ளைங்களோட வெச்சுப் பார்த்தா, ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் வாசிக்கிறாங்க. ஒரு வித்தியாசமும் இல்ல. வகுப்பால பலன் இல்லன்னு ஆகுது.”

“கனகா இப்ப பஸ்ஸு போர்டு படிக்குதும்மா. வேப்பூர் பஸ்ஸ வேப்பூர்னு சொல்லுது.”

“வகுப்புக்குப் போகாத பிள்ளைங்களும் சொல்லுதே சார்.” அவள் குரல் இரங்கியது. “நீங்க பாடுபட்டீங்க. ஆனா ஜோடி முறை இங்க தோத்துப்போச்சு. வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டு வகுப்ப மூடுறதச் சொல்லிடணும்.”

சங்கத்தில் அவருக்கு ‘ஜோடி சார்’ என்று பேர் நிலைத்தது. தரகர் வேலை பார்க்கிறீர்களா, என் பெண்ணுக்கு ஒரு ஜோடி பாருங்கள் என்று ஜெயராஜ் கேட்டார். ராஜாங்கமும் சிரித்துவைத்தார். வீட்டுக்கு வந்தால் சிரிப்பு நின்றுவிடும். ஒருவேளை தான்தான் சேத்தியாத்தோப்பில் மந்தமான பிள்ளைகளாகப் பொறுக்கிவிட்டோமோ? காளையைத் தூங்கவைத்த மனிதருக்கு முதல் தடவையாகத் தன்மேலேயே சந்தேகம் வந்தது.

வகுப்பு மூடப்போகிறது என்பதால் பிள்ளைகளிடமிருந்து வில்லைகளைத் திரும்ப வாங்கி ஒரு துணிப்பையில் போட்டு வைத்திருந்தார். இடம் கிடைக்காத பிள்ளைகளின் வில்லைகள் ஆடியிலிருந்தே அதே பானையில், அவர் வீட்டுப் பின்கட்டில் கிடந்தன. வியாழக்கிழமை காலையில் அமிர்தம் குளித்துவிட்டு வந்து, ஈரக் காலோடு நின்று, ஒரு புகார் சொன்னாள்.

“ஏங்க, இந்தப் பைல இருக்கற வில்லையில நாலு எனக்கு வேணும்.”

“எதுக்கு?”

“குதிகால் தேய்க்கத்தான். ஓரம் நல்லா சொரசொரன்னு இருக்குது, பித்தவெடிப்பெல்லாம் போவுது. முன்ன பானையில இருக்கறத எடுத்துத் தேய்ச்சுப் பார்த்தேன். அது ஒண்ணுத்துக்கும் ஆவாது, ஓரமெல்லாம் வழுக்குது.”

ராஜாங்கம் பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து போய்ப் பையிலிருந்து ஒன்று, பானையிலிருந்து ஒன்று எடுத்தார். இரண்டிலும் அடி சொரசொரப்பு. அது எல்லாச் சாமானுக்கும் உள்ளது. கட்டைவிரலை ஓரத்தில் ஓட்டினார். பானை வில்லையின் ஓரம் கண்ணாடி. பை வில்லையின் ஓரத்தில் பூச்சே இல்லை. யாரோ சுற்றிவர ஈரப் பஞ்சால் துடைத்திருந்தார்கள். இன்னொன்று எடுத்தார். இன்னும் ஒன்று. பை முழுக்கச் சொரசொரப்பு. பானை முழுக்க வழுவழுப்பு. கண்ணுக்குத் தெரியாது. பானைக்குள் நுழைந்த விரலுக்கு மட்டும் தெரியும்.

அவருக்குக் கணக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. வாசிக்கவே வராத பிள்ளைகளாகப் பார்த்து டீச்சர் வகுப்புக்குள் அனுப்பியிருக்கிறார். ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர்கள் வெளியே நின்றுவிட்டார்கள். பள்ளத்தில் கிடந்த பிள்ளைகள் ஒரு வருஷம் ஏறித் தரைக்கு வந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஏற்கனவே தரையில் நின்ற பிள்ளைகளை வைத்துப் பார்த்தால், யாருமே ஏறாதது போலத்தான் தெரியும். குலுக்கல் போட்டால் இரண்டு பக்கமும் தானாகச் சமமாகிவிடும் என்று நம்பி, வெளியே நின்றவர்களை ஆரம்பத்தில் ஒருவரும் வாசிக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. எடைக்கல்லே குறைந்த கல். அதை வைத்து அவருடைய தராசைப் பொய் என்று சொல்லிவிட்டார்கள்.

கோபத்துக்கு முன்னால் அவருக்கு வந்தது ஒரு வெட்கம். அந்தக் கண்ணைக் கட்டியது தன் துண்டு.

பழமலைநாதர் கோயில் தெற்கு வீதியில் டீச்சர் வீடு. குரோட்டன்ஸ் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ராஜாங்கம் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு வில்லை, பானையிலிருந்து ஒரு வில்லை, இரண்டையும் டீச்சரின் இரண்டு உள்ளங்கையிலும் வைத்தார். வில்லையில் பேர் எழுதியிருக்கிறது. யாராக இருந்தாலும் பேரைத்தான் பார்ப்பார்கள். டீச்சர் பார்க்கவில்லை. அவருடைய இரண்டு கட்டைவிரலும் தானாக ஓரத்துக்குப் போயின.

கீழே நழுவிய குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னும் கொஞ்சம் இறுக்குங்கன்னீங்க டீச்சர்.”

“சொன்னேன்.”

“நானும் இறுக்கினேன்.”

டீச்சர் குழாயை மூடினார். “அந்தப் புள்ளைங்கள எனக்குத் தெரியும் சார். சும்மா வுட்டிருந்தா, தானா படிக்கிற புள்ளைங்களும் வந்து குந்திக்கும். கனகா வெளிய நிக்கும். வேலையில இருந்த கடைசி வருஷம் பூரா அது வெளிய நிக்கறதப் பார்த்தவ நான். மனசு வரல.”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே.”

“உங்ககிட்ட சொன்னா சங்கத்துல சொன்ன மாதிரிதான.”

அது உண்மை. ராஜாங்கமும் தலையாட்டினார். “சரி, பானைய வுடுங்க. நானா இருந்தாலும் அந்தப் பாவத்தச் செஞ்சிருப்பேனோ என்னவோ. ஆராயி சோறு ஊட்டுனத ஏன் பார்க்கலன்னீங்க?”

டீச்சர் வில்லைகளைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

“காளை குறட்டை வுட்டத நீங்கதான பார்த்தீங்க. அது பொய்யி. அதுக்குச் சாட்சி சொன்னீங்க. இது நெசம்.”

“உங்க ஜோடி அவ்வளவு கரெக்ட்டுன்னு ஊரு நம்பிட்டா, ரெண்டு விடையும் ஒத்துவராதப்ப எல்லாரும் பானையத்தான சார் பார்ப்பாங்க.” டீச்சரின் குரல் உடையவில்லை, அதுதான் ராஜாங்கத்துக்கு இன்னும் வலித்தது. “உங்களப் பார்த்து ஊரு சிரிக்கட்டும்னு விட்டுட்டேன். நீங்க எப்பவும் சிரிப்பு காட்டுறவர்தான, தாங்கிக்குவீங்கன்னு நெனச்சேன்.”

உள்ளேயிருந்து காபி வந்தது. ராஜாங்கம் தொடவில்லை. அந்த வீட்டில் அவர் காபி குடிக்காமல் எழுந்தது அதுதான் முதல் தடவை.

“நாளைக்குக் கூட்டம். வகுப்ப மூடுறாங்க. கனகா மறுபடியும் வெளியதான் நிக்கும்.” வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். “நான் எதுவும் சொல்லப்போறதில்ல. நான் சொன்னா எவன் நம்புவான்?”

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் சூளைத் தெருப் பெற்றோர்களும் சங்கத்துக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ராஜாங்கம் வில்லைப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தார். டீச்சர் வரவில்லை. காவியா பேச எழுந்தாள். வகுப்பு கோடையோடு முடிகிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். ஆராயி பக்கத்திலிருந்தவளிடம், “அப்ப இனிமே படிக்க வேண்டியதில்லையா?” என்று கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது.

“ஒரு நிமிஷம்மா” என்று பின்னால் ஒரு குரல். செல்வநாயகி டீச்சர் கதவோரம் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. உள்ளே வந்து, ராஜாங்கத்தின் மடியிலிருந்த பையை அவர் முகத்தைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டுபோய்க் காவியாவின் மேஜையில் கொட்டினார். ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். தான் துடைத்ததையும், துழாவியதையும், ஒன்று விடாமல் சொன்னார். பாடம் நடத்துகிற அதே குரல்.

“அதான் அன்னிக்கு அவ்வளவு நேரம் துடைச்சீங்களா டீச்சர்” என்றார் ஜெயராஜ் மெதுவாக. பின் வரிசையில் ஒரு தகப்பன் எழுந்து, “அப்ப எம் பையனுக்கு விழாதது விதி இல்லையா, டீச்சர் கையா?” என்று கேட்டான். டீச்சர் தலையாட்டினார். அவன் உட்காராமலே நின்றான்.

காவியா வெகுநேரம் வில்லையை விரலில் உருட்டினாள். “குலுக்கல் கெட்டுப்போச்சு. அதை வெச்சு வகுப்ப மூட முடியாது. தொடரணும்னாலும் அதுல இருந்து எதுவும் சொல்ல முடியாது. கையில மிச்சம் இருக்கறது சாரோட ஜோடி மட்டும்தான்.” அவள் ராஜாங்கத்தைப் பார்த்தாள், பார்வையில் மரியாதையும் பயமும் கலந்திருந்தது. “கோச்சுக்காதீங்க சார். டீச்சர் கையவே நம்ப முடியலன்னு ஆனப்பறம், உங்க வாயை நான் எப்படி நம்பறது? ஜோடி சரியாத்தான் இருந்துச்சுன்னு உங்களத் தவிர வேற யாராவது சொல்லணும்.”

ஹாலில் சிரிப்பு கிளம்பியது. “ஆராயியக் கேளுங்க, ஆள் மாத்திச் சோறு ஊட்டுன கதையச் சொல்லுவா” என்றது ஒரு குரல். ஆராயி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, “எம் பொண்ண எனக்குத் தெரியாதா?” என்றாள், வழக்கம்போல.

ராஜாங்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசாமலிருந்ததை அந்த ஊர் அதற்கு முன் கண்டதில்லை. சிரிப்பு தானாக அடங்கிப்போனது.

செல்வநாயகி டீச்சர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

“ஆராயி, நீ தப்பா எடுத்துக்காத. களிமண்ணுக் கையோட, வெயில்ல, அவசரத்துல வந்த. அந்த ரெண்டு புள்ளையையும் அப்படிச் சேர்த்து வெச்சிருந்தாங்க, நானா இருந்தாலும் ஏமாந்திருப்பேன்.” பிறகு காவியாவிடம் திரும்பினார். “அது நடந்ததும்மா. நான் பக்கத்துல நின்னு என் கண்ணால பார்த்தேன். கடைசி உருண்டை வரைக்கும் சேத்தியாத்தோப்புப் புள்ளதான் தின்னுச்சு. சார் சொன்னதுல ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. முதுகுல ஒண்ணு வெச்சான்னு சொன்னாரு. ரெண்டு வெச்சா.”